ஏரிக்குள் பிரிந்துபோன இரண்டு நாட்காட்டிகள்

புவி வெப்பமாதல் என்றாலே எத்தனை டிகிரி கூடியது என்று கேட்கிறோம். எனக்கு இதில் நெடுநாளாகவே ஒரு மனக்குறை உண்டு. ஏரி நீரில் மிதந்து வாழும் நுண்விலங்குகளுக்கு, சூடு எவ்வளவு கூடியது என்பதைவிட எந்த வாரத்தில் கூடியது என்பதுதான் பெரிய கேள்வி. அதைப் பொதுவெளியில் யாராவது எழுப்பிக் கேட்பது மிக அரிது.

டாஃப்னியா என்னும் நீர்த்தெள்ளை எடுத்துக்கொள்ளுங்கள். சில மில்லிமீட்டர் நீளமே உள்ள உடல். பாசியை வடிகட்டித் தின்கிறது, மீன்குஞ்சுகளுக்கு இரையாகிறது. காலம் நன்றாக இருக்கும்வரை ஆண் துணையே இல்லாமல் பெண்கள் பெண்களாகவே பெற்றுத் தள்ளும். பகல்பொழுது குறுகி, கூட்டம் நெருக்கி, உணவு அருகும்போதுதான் ஆண்கள் பிறக்கின்றன. அதன் பிறகு உருவாகும் முட்டைகள் குதிரைச் சேணம் போன்ற தடித்த கூட்டுக்குள் அடங்கி, அடிச்சேற்றில் உறங்கப் போகின்றன. அந்த உறக்கம் சாதாரணமானதன்று. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து ஏரி ஒன்றில், பல நூற்றாண்டு பழைய சேற்றிலிருந்து எடுத்த முட்டைகளை ஆய்வகத்தில் பொரிக்க வைத்திருக்கிறார்கள். இதைப் படித்த நாளில் எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

உறங்கும் முட்டையை எழுப்புபவை ஒளியும் வெப்பமும். சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. பகலின் நீளத்தைப் பூமியின் சாய்வு தீர்மானிக்கிறது. காற்றில் எவ்வளவு கரியமிலவாயு சேர்ந்தாலும் மார்ச் மாதப் பகல் ஒரு நிமிடம்கூட நீளாது. நீரின் வெப்பமோ ஆண்டுக்கு ஆண்டு முந்திக்கொண்டு வருகிறது. பல்லாயிரம் ஆண்டுகளாக ஒத்துப்போன இரண்டு நாட்காட்டிகள் இப்போது வெவ்வேறு தேதியைக் காட்டுகின்றன. எந்த உயிர் எதைப் பார்த்து நடக்கிறதோ, அது அதன்படி பிரிந்துபோகிறது.

சியாட்டில் நகரை ஒட்டிய வாஷிங்டன் ஏரியில் இது எண்களாகவே தெரிந்தது. அங்கே 1962 முதல் சேர்த்த தரவுகளை வைத்து ஆய்வாளர்கள் மோனிகா விண்டர், டேனியல் ஷிண்ட்லர் இருவரும் 2004இல் எழுதினார்கள். வசந்தத்தில் மேல்நீர் சூடாகி, அடியிலுள்ள குளிர்நீரோடு கலக்காமல் பிரியும் நாள் 20 நாளுக்கு மேல் முன்னால் வந்துவிட்டது. டாஃப்னியாவுக்கு உணவாகும் டயாட்டம் என்னும் நுண்பாசிகளின் பெருக்கமும் கூடவே முன்னேறியது. கெரட்டெல்லா என்னும் இன்னொரு நுண்விலங்கு அதைத் தொடர்ந்து ஓடிப் பிடித்துக்கொண்டது. டாஃப்னியாவால் முடியவில்லை. அது பெருகும் நேரத்தில் பாசிப் பெருக்கம் அடங்கத் தொடங்கியிருந்தது. இந்த இடைவெளி அகல அகல, அதன் எண்ணிக்கையும் சரிந்தது.

எல்லா ஏரியிலும் இதே கதை என்று சொல்ல மாட்டேன். மிதமான குளிர்காலத்தில் முட்டையாக உறங்காமல் நீரிலேயே பிழைத்திருக்கும் டாஃப்னியாக்கள் வசந்தத்தில் முன்கூட்டியே பெருகிவிடுவதும் உண்டு. பெர்லினின் மியூகல்சே ஏரியில் வெப்பம் விரும்பும் சில துடுப்புக்காலிகளுக்கு (டாஃப்னியா போல நீரில் மிதக்கும் சிற்றுயிர்கள்) நீண்ட கோடை இலாபமாகவே அமைந்தது.

"உயிர்கள் தகவமைத்துக்கொள்ளும்" என்று சொல்பவர்களிடமும் உண்மை இருக்கிறது. இங்கிலாந்தின் ஏரி ஒன்றில் 1960களின் சேற்று முட்டைகளிலிருந்து பிறந்த டாஃப்னியாவைவிட, பிற்காலத்து முட்டைகளிலிருந்து பிறந்தவை கூடுதல் சூட்டைத் தாங்கின. ஆனால் சூட்டைத் தாங்குவது வேறு, சாப்பாட்டு நேரத்துக்கு வந்து சேர்வது வேறு. முதலாவதைக் காட்டி இரண்டாவதைப் பற்றிக் கவலை வேண்டாம் என்பதை என்னால் ஏற்க முடியாது.

இதையெல்லாம் நாம் அறிந்தது சலிக்காமல் எண்ணியவர்களால்தான். ரஷ்யாவின் பைக்கால் ஏரியில் மிகைல் கோஷோவ் 1945இல் தொடங்கிய மாதிரி சேகரிப்பை மகள் ஓல்கா தொடர்ந்தார், பிறகு பேத்தி லியுபோவ் இஸ்மெஸ்தியெவா தொடர்ந்தார். குளிர்காலத்தில் பனியைத் துளைத்து வலையை இறக்கினார்கள். சோவியத் ஒன்றியம் கலைந்தபோதும் நிறுத்தவில்லை. அவர்கள் 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை நீர் எடுத்தார்கள் என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். செலவைக் குறைக்க மாதம் ஒருமுறை போதும் என்று ஓர் ஆய்வுத் திட்டத்தில் எழுதும்போது, 20 நாள் மாற்றம் இரண்டு பயணங்களுக்கு நடுவே நழுவிப் போய்விடும். பாசி பெருகி முடிந்திருக்கும், டாஃப்னியா பிந்தி வந்திருக்கும், ஏட்டிலோ இரண்டும் ஒரே மாதத்தில் பதிவாகியிருக்கும்.