யாழ்ப்பாணம் விலைபோகவில்லை, அண்ணை

அந்தப் பதிவைப் பற்றி எழுதவே கூடாது என்று மூன்று நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். எந்தப் பதிவு என்று உங்களுக்குத் தெரியும், உங்களில் பாதிப்பேர் பகிர்ந்தும் இருக்கிறீர்கள். 2024 நவம்பர் நாடாளுமன்றத் தேர்தல் முடிவைப் பார்த்துவிட்டு "யாழ்ப்பாணம் விலைபோய்விட்டது" என்று தொடங்கி, பாணுக்கும் பருப்புக்கும் தமிழ்த் தேசியத்தை விற்ற சனம் என்று முடிகிறதே, அதுதான். எழுதியவர் என் பெரியம்மாவின் மகன். கனடாவில் இருக்கிறார். நல்ல மனிதர். என் படிப்புக்கு இரண்டு வருடம் காசு அனுப்பியவர். மூன்று நாள் பொறுத்ததும் அதனால்தான்.

சரி அண்ணை, முதலில் கணக்கைப் பார்ப்போம். யாழ் தேர்தல் மாவட்டத்தில் செல்லுபடியான வாக்குகள் 325,312. திசைகாட்டிக்கு, அதாவது அநுரகுமாரவின் தேசிய மக்கள் சக்திக்கு, விழுந்தவை 80,830. நூற்றுக்கு 25கூட இல்லை. நாலு பேரில் மூன்று பேர் திசைகாட்டிக்குப் போடவில்லை. நீங்கள் "சனம்" என்று ஒரே சொல்லில் திட்டினீர்களே, அந்தச் சனத்தில் முக்கால்வாசி இவர்கள்தான்.

"அப்ப எப்படி ஆறில் மூன்று ஆசனம்?" என்று கேட்பீர்கள். மாவட்டத்தில் முதலாவதாக வருகிற கட்சிக்கு ஓர் ஆசனம் போனஸ். மிச்சம் ஐந்தும் ஐந்து வீதத்துக்கு மேல் எடுத்தவர்களுக்கு. அப்படி எடுத்தவர்கள் ஆறு பேர். அவர்களின் வாக்குகளைக் கூட்டி ஐந்தால் பிரித்தால் ஓர் ஆசனத்தின் விலை 48,000 சொச்சம். விலை என்றீர்களே, விலை இதுதான். அதை முழுதாகக் கொடுக்க முடிந்தது திசைகாட்டிக்கும் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்துக்கும் மட்டும். மற்ற மூன்றும் மீதி வாக்கு கூடியவர்களுக்குப் போயின: திசைகாட்டிக்கு மீதி 32,000 சொச்சம், தமிழ்க் காங்கிரசின் சைக்கிளுக்கு 27,986, அர்ச்சுனா டொக்டரின் சுயேச்சைக் குழுவின் ஊசிக்கு 27,855. ஒன்று, இன்னொன்று, போனஸ் ஒன்று. ஆக மூன்று. இதில் யார் எதை விற்றார்கள்?

இன்னொரு கூட்டலும் இருக்கிறது. வீட்டுக்கு 63,327, ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணியின் சங்குக்கு 22,513. கூட்டினால் 85,840. முந்திக் கூட்டமைப்பு என்ற ஒரே கூரைக்குக் கீழே இருந்தவர்கள் இந்தமுறையும் ஒன்றாகக் கேட்டிருந்தால் முதலிடமும் இவர்களுக்கு, போனஸும் இவர்களுக்கு. ஆறு ஆசனத்துக்கு 44 பட்டியல், 396 வேட்பாளர்கள்! வீட்டுக் கட்சிக்குள்ளே ஜனவரியில் வாக்கெடுப்பு வைத்துத் தலைவரைத் தெரிவுசெய்துவிட்டு, அடுத்த மாதமே நீதிமன்றத்துக்குப் போனது சனமா? அந்தக் கட்சியின் முன்வரிசை ஆள் சுமந்திரனே தோற்றுப்போனார் என்றால், அது பருப்பு வாங்கிக்கொண்டு செய்த வேலையா? கட்சிக்காரரைக் கேட்கவேண்டிய கேள்வியை வரிசையில் நின்றவர்களிடம் கேட்கிறீர்கள்.

அந்த வரிசையில் நானும் நின்றேன். சித்தியைக் கூட்டிக்கொண்டு போனேன். சித்திக்கு 71 வயது, முழங்கால் ஏலாது. ஓட்டோவில் போய், பள்ளிக்கூட வாசலில் இறக்கி, கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல. வாக்குச்சீட்டு எவ்வளவு நீளம் என்று கனடாவில் இருப்பவர்களுக்கு விளங்காது. வெளியே வந்து, "அடேய், அது பாய் மாதிரி இருந்தது, மடிக்கத் தெரியாமல் அந்தப் பிள்ளையிடம்தான் கேட்டேன்" என்றார். விரலில் மை காயுமுன்னே சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு, கறை பட்டுவிட்டதென்று வீடுவரும்வரை புலம்பல்.

இந்த மாவட்டத்தில் நிராகரித்த வாக்குகள் மட்டும் 32,767 என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். சைக்கிளுக்கு விழுந்ததைவிடக் கூட! செப்டெம்பரில் சனாதிபதித் தேர்தலுக்கு ஆட்களுக்கு நேரே 1, 2, 3 போடலாம் என்றார்கள். நவம்பரில் ஒரே கட்சிக்குப் புள்ளடி, கீழே விருப்பு இலக்கம் மூன்று என்றார்கள். குழம்பாமல் என்ன செய்யும்? இரண்டு சின்னத்துக்குப் புள்ளடி போட்டுவிட்டு வந்தவர்களை எனக்கே தெரியும். அதைப் பற்றி ஒருவரும் பதிவு போடவில்லை.

சித்தி இந்தமுறை திசைகாட்டிக்குப் போட்டார். ஆயுள் முழுக்க வீட்டுக்குப் போட்டவர். வந்து தேத்தண்ணி குடிக்கும்போது தானாகவே சொன்னார். நான் ஏன் என்று கேட்கவில்லை. அதையும் அவரே சொன்னார். நவம்பர் 1ஆம் திகதி வயாவிளான் பக்கம் அச்சுவேலி–பலாலி வீதியில் இராணுவம் மூடி வைத்திருந்த ஒரு துண்டைத் திறந்தார்களே, 34 வருடத்துக்குப் பிறகு? சித்தி கலியாணம் முடித்துப் போன ஊர் அந்தப் பக்கம். 1990இல் ஒரு சூட்கேசோடு வெளிக்கிட்டவர். வீடு இருந்த இடம் இன்னும் இராணுவ வேலிக்குள்ளேதான். றோட்டு மட்டும்தான் திறந்தது. ஓட்டோ பிடித்துப் போய், அந்தத் துண்டில் போகவும் வரவும் ஓடிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார், என்னிடம்கூடச் சொல்லாமல்.

தேர்தலுக்கு இரண்டு கிழமை முந்தித் திறந்தால் அது தேர்தல் வேலைதானே என்பீர்கள். ஓம், தேர்தல் வேலைதான். சித்திக்கும் அது தெரியும். "தெரிஞ்சால் என்ன, றோட்டு றோட்டுத்தானே" என்றார்.

அடுத்த கேள்வியும் எனக்குத் தெரியும். "வடக்கையும் கிழக்கையும் பிரிக்க வழக்குப் போட்டவர்களுக்கா வாக்கு?" 2006இல் திசைகாட்டியின் தாய்க்கட்சி ஜேவிபி போட்ட வழக்கு, தீர்ப்பு, 2007 பிறந்தவுடன் பிரித்தது, எல்லாம் தெரியும் அண்ணை. அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. அதனால்தான் நான் இந்தமுறையும் வீட்டுக்கே போட்டேன், மனமில்லாமல். என்னைத் திசைகாட்டிக்காரன் என்று கீழே எழுதப்போகிறவர்கள் இதை ஒருதரம் வாசித்துவிட்டு எழுதவும். எப்படியும் வாசிக்கமாட்டீர்கள்.

ஆனால் இதே மாவட்டம்தான் செப்டெம்பர் 21 சனாதிபதித் தேர்தலில் தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனுக்கு 116,688 போட்டது. அநுரவுக்கு அன்றைக்கு 27,086தான். அப்போது "மானமுள்ள மண்" என்று எழுதியவரும் நீங்கள்தான், தேடிப் பார்த்தேன், இன்னும் இருக்கிறது. எட்டுக் கிழமைக்குள் மானம் எங்கே போனது? மட்டக்களப்பில் வீட்டுக்கு ஐந்தில் மூன்று ஆசனம் கொடுத்தார்களே, அவர்களைப் பாராட்டி ஒரு வரி எழுதினீர்களா? திட்டுவதற்குத்தான் எங்கள் ஞாபகம் வருகிறது.

காசு அனுப்பியதைச் சொல்லிக்காட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். நீங்கள் அனுப்பாவிட்டால் நான் படித்திருக்கமாட்டேன். அதை மறக்கவில்லை. ஆனால் காசு அனுப்பினால் புள்ளடி எங்கே போடுவதென்றும் சேர்த்து அனுப்பலாமா? கரண்ட் பில், எண்ணெய் வரிசை, பெடியளுக்கு வேலையில்லை, சாராயக்கடைப் பெர்மிட் கதை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு இங்கே இருப்பவர்கள் நாங்கள். பருப்பு விலையைப் பற்றிக் கதைப்பது கேவலம் என்று, பருப்பு விலை தெரியாத இடத்திலிருந்து எழுதுவது சுகம். இப்படி எழுத எனக்கே பிடிக்கவில்லை. மூன்று நாளும் இதைத்தான் எழுதி எழுதி அழித்தேன்.

நேற்றுப் பின்னேரம் சித்தி வீட்டுக்குப் போனேன். போனை நீட்டி, எழுத்தைப் பெரிதாக்கித் தா என்றார். திறந்ததும் முதலில் வந்தது உங்கள் பதிவுதான் அண்ணை. கீழே சித்தியின் பெயரில் ஒரு சிவப்பு இதயம். வாசித்தீர்களா என்று கேட்டேன்.

"கண்ணாடி இல்லாமல் எங்கே வாசிக்கிறது? என்ரை பெறாமகன் எங்கடை ஊரைப் பற்றி ஏதோ எழுதியிருக்கிறான், படத்தில் கோயில் கோபுரம் தெரியுது. அமத்திவிட்டேன்."

எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுக்காமல் வந்துவிட்டேன்.