கை சொல்லுது

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதால், எதை எவ்வளவு உற்பத்தி செய்வது என்பதைச் சந்தைக்குப் பதில் அரசே தீர்மானிக்கும் திட்டமிட்ட பொருளாதாரம் இனி சாத்தியம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. இது பழைய சண்டைதான். சந்தை விலை இல்லாமல் எதற்கு எவ்வளவு ஒதுக்குவது என்று கணக்கிடவே முடியாது என்று 1920-லேயே ஆஸ்திரியப் பொருளாதார அறிஞர் மீசஸ் எழுதினார். பொருளாதாரத்தின் சமன்பாடுகளைக் கணினியில் போட்டால் ஒரு நொடிக்குள் விடை வந்துவிடும் என்று 1960-களில் போலந்துப் பொருளாதார அறிஞர் ஆஸ்கர் லாங்கே பதில் சொன்னார்.

ஆனால் 1945-ல் மீசஸ் பக்கம் நின்ற பொருளாதார அறிஞர் ஹாயெக் எழுப்பிய கேள்வி கணக்கின் வேகம் பற்றியதே இல்லை. தகவல் ஆளுக்கு ஆள் சிதறிக் கிடக்கிறது, அதை ஓரிடத்தில் குவிக்க முடியாது என்பதுதான் அவர் வாதம். கோயம்பேட்டில் என் மாமா தக்காளி மண்டி வைத்திருந்தார். பெட்டியில் கைவிட்டு ரெண்டு பழத்தை அமுக்கிப் பார்த்து, "இது சாயங்காலம் வரைக்கும் தாங்காது" என்பார். எப்படி மாமா என்றால், "கை சொல்லுது". இதை எந்த எக்செல்லில் ஏற்றுவது?

அதற்காக ஹாயெக் பக்கம் முழுசாகச் சாயவும் மனமில்லை. சிலியில் சோசலிச அதிபர் அலெண்டே ஆட்சியின் சைபர்சின் என்ற பொருளாதார நிர்வாகத் திட்டம், தட்டச்சு செய்த செய்தியைத் தொலைவுக்கு அனுப்பும் டெலக்ஸ் கருவியால் தொழிற்சாலைகளை இணைத்தது. 1972 அக்டோபர் லாரி வேலைநிறுத்தத்தின்போது, மிச்சமிருந்த லாரிகளை வைத்துச் சரக்கை நகர்த்த அந்த டெலக்ஸ்தான் உதவியது. சிதறிய தகவலை ஒன்றுசேர்த்தது கணினி அல்ல, அங்கங்கே இருந்த மனிதர்கள் அனுப்பிய செய்திகள்!

அப்புறம் ஒன்று. நிறுவனத்துக்குள் விலை கிடையாது, உத்தரவுதான் என்று 1937-லேயே பொருளாதார அறிஞர் ரொனால்ட் கோஸ் காட்டிவிட்டார். தி.நகரில் மழையில் நனைந்தபடி உணவு கொண்டுபோகும் பையனுக்கு அடுத்த ஆர்டரைத் தருகிறதே செயலி, அது சந்தையா, திட்டமா? கட்டுரையாளர் இதைத் தொடவே இல்லை.