பழைய எச்.எம்.டி கடிகாரத்துக்குள் மாணிக்கப் புதையல் இல்லை

"இந்தியாவிலிருந்து வந்த பழைய எச்.எம்.டி கைக்கடிகாரத்தில் 17 இயற்கை மாணிக்கக் கற்கள் உள்ளன. இரத்தினபுரியில் இலட்சக்கணக்கில் விலை போகும். உடனே கழற்றி எடுங்கள்." ஹட்டன், பதுளைப் பக்கத்து வட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தத் தகவல் தவறு.

எச்.எம்.டியின் 'ஜனதா' வகைக் கடிகாரத்தின் முகப்பில் '17 ஜுவல்ஸ்' என்று இருப்பது சரிதான். ஆனால் அவை செயற்கை மாணிக்கங்கள். பல்சக்கரங்களின் உருக்கு அச்சுமுனை தேயாமல் சுழல, நடுவில் துளையிட்டுப் பதித்த கடுகளவு தாங்கிகள். பிரான்சின் இரசாயனவியலாளர் வெர்னுய் 1902இல் அறிவித்த முறையில் அலுமினியம் ஒக்சைட் தூளை உருக்கிச் செய்யும் இக்கற்கள் மிக மலிவு. சுவிஸ், ஜப்பான் கடிகாரங்களிலும் இதே வகைதான்.

எச்.எம்.டி 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து பெங்களூரில் கடிகாரத் தொழிற்சாலை தொடங்கிய இந்திய அரசு நிறுவனம். சாதாரண மக்களுக்காகச் செய்த கடிகாரத்தில் இரத்தினம் வைக்க எந்தக் காரணமும் இல்லை. கடிகாரப் பிரிவை மூட இந்திய அரசு 2016இல் முடிவெடுத்ததால் சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள், உண்மை. அவர்களுக்கு வேண்டியது ஓடும், முழுக் கடிகாரம். கழற்றிய கல் அல்ல.

சந்தேகமென்றால் டவுனில் கடிகாரம் திருத்துபவரிடம் பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கல்லைப் பற்றியே கேள்வி என்றால் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையில் பரிசோதிக்கலாம். தாத்தா கட்டிய கடிகாரத்தைத் தயவுசெய்து உடைக்காதீர்கள். அந்தச் செய்தியையும் இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கு இதைச் சொல்லுங்கள்.