கடலூரில் விற்கலாம், கடலூருக்குப் பரிசு கிடையாதாம்

பத்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டின் முகப்பில் கிரிக்கெட் மட்டையும் பந்துமாகப் படம் போட்டு, உள்ளே இருக்கும் எண்ணை அனுப்பினால் சேப்பாக்கத்தில் நேரில் மேட்ச் பார்க்கலாம் என்று நல்ல தமிழில் அச்சடித்து, மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருமுனைக் கடை வரை கொண்டுவந்து சரம் சரமாகத் தொங்கவிட்ட நிறுவனம், டிக்கெட் கொடுக்க வேண்டிய நேரத்தில் தமிழ்நாட்டு முகவரிக்குத் தகுதி இல்லை என்று கைவிரித்துவிட்டது. ஒரு வாரமாகியும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

என் மகனுக்கு 12 வயது. இந்த இரண்டு மாதமாக எங்கள் வீட்டில் வேறு பிஸ்கட் நுழையவில்லை. பாக்கெட்டைப் பிரித்ததும் உறையின் உட்புறம் ஒட்டியிருக்கும் தூளை விரலால் துடைத்து, எண்ணை என் போனிலிருந்து அனுப்பிவிட்டு, உறையை நான்காக மடித்துத் தன் பழைய ஜாமெட்ரி பாக்ஸில் அடுக்கி வைப்பான். 31 உறைகள் சேர்ந்திருந்த நிலையில், குலுக்கலில் என் எண் தேர்வாகியிருப்பதாகவும் ஆதார் நகலையும் முகவரியையும் அனுப்ப வேண்டும் என்றும் செய்தி வந்தது. அன்றிரவே மஞ்சள் பனியனைத் துவைத்துப் போடச் சொன்னான். மறுநாள் அழைத்த பெண், 607001 தமிழ்நாட்டுப் பின்கோடு என்பதால் விதிப்படி டிக்கெட் தர இயலாது என்றார். அவர் மீது எனக்குக் கோபமில்லை; எழுதிக் கொடுத்ததைப் படித்தார்.

அந்த விதி எங்கே இருக்கிறது என்று தேடினேன். உறையின் பின்புறம், ஒட்டப்பட்ட மடிப்புக்கு அடியில், அப்பாவின் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால்தான் தெரியும் அளவில், ஆங்கிலத்தில் இருந்தது. ஆசை காட்டத் தமிழ் தெரிந்தவர்களுக்கு, இல்லை என்று சொல்ல மட்டும் தமிழ் வராமல் போனது எப்படி? விளம்பரம் எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில்தான் அதன் நிபந்தனைக் குறிப்பும் இருக்க வேண்டும் என்று, தவறான விளம்பரங்களைத் தடுப்பதற்காக 2022-இல் வந்த மத்திய வழிகாட்டு நெறிகளே சொல்கின்றன.

காரணம் கேட்டால் சட்டத்தைக் காட்டுகிறார்கள். சட்டம் இருப்பது உண்மைதான். பொருள் வாங்கியவர்களுக்குள் குலுக்கல் வைத்துப் பரிசு கொடுப்பதைத் தமிழ்நாட்டில் 1979-ஆம் ஆண்டின் பரிசுத் திட்டத் தடைச் சட்டம் தடுக்கிறது. அந்தச் சட்டத்தோடு எனக்குச் சண்டை இல்லை. பரிசு ஆசையில் மக்கள் வேண்டாததை வாங்கிக் குவிக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடாகவே அதைப் பார்க்கிறேன். ஆனால் எங்கள் வீட்டில் நடந்தது என்ன? ஆசை காட்டியாகிவிட்டது, 31 பாக்கெட் வாங்க வைத்தாகிவிட்டது, 310 ரூபாயும் போய்விட்டது. பரிசு ஒன்றுதான் நின்றது. சட்டம் தடுக்க நினைத்த தீங்கு முழுமையாக எங்களுக்கு, சட்டத்தைச் சொல்லி மிச்சம் பிடித்த டிக்கெட் அவர்களுக்கு என்றால், இதைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட செயல் என்று எந்த வாயால் சொல்கிறார்கள்?

ஆல்பேட்டையைத் தாண்டிப் பெண்ணையாற்றுப் பாலத்தில் ஏறி, முள்ளோடையைக் கடந்தால் புதுச்சேரி. அங்கே முதலியார்பேட்டையில் என் தங்கை இருக்கிறாள். அதே உறை, அதே விலை; அவள் பிள்ளைக்குத் தகுதி உண்டு, என் பிள்ளைக்கு இல்லை. இத்தனைக்கும் மேட்ச் நடக்கும் சேப்பாக்கம் தமிழ்நாட்டில்தான் இருக்கிறது. பின்கோடை மட்டும் பார்த்து ஊரைப் பிரிப்பதும் இந்தப் பக்கத்தில் சரிப்படாது: புதுச்சேரியைச் சேர்ந்த பாகூருக்கும் எண் 607-இல்தான் தொடங்குகிறது, தமிழ்நாட்டு விழுப்புரத்துக்கோ 605. தங்கச்சி அட்ரஸைக் கொடுத்திருக்கலாமே என்று கடைக்கார அண்ணன் நல்ல மனதோடுதான் சொன்னார். ஒளிவுமறைவில்லாமல் காசு கொடுத்து வாங்கிய நான் எதற்காகப் பொய் முகவரி கொடுக்க வேண்டும்? பிள்ளை பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும் என்று இன்னொரு விதியும் அங்கே இருந்தது. குழந்தைகள் தின்னும் பண்டத்தில், குழந்தைகளின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் தொங்கவிட்டதில்! அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிந்துவிட்டேன். உறைகளின் படங்களையும் குலுக்கல் செய்தியையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். நான் கேட்பது டிக்கெட் இல்லை, அந்த மேட்ச் முடிந்துவிட்டது. தமிழ்நாட்டில் இந்தப் பரிசு செல்லாது என்றால், இங்கே விற்கும் பாக்கெட்டிலிருந்து அந்த விளம்பரத்தை எடுக்கட்டும். எடுக்க முடியாதென்றால், "தமிழ்நாட்டில் செல்லாது" என்ற வரியைச் சேப்பாக்கம் என்ற எழுத்து இருக்கும் அதே அளவில், அதே முகப்பில், தமிழில் அச்சடிக்கட்டும்.