இடையன்குடி ஐயரும் எங்கள் ஐயரும்

போன மாதம் எங்கள் பழைய ஐயரை அடக்கம் பண்ணினோம். (திருநெல்வேலிப் பக்கம் சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபையின் சபைகளில் குருவானவரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம், வெளியூர் நண்பர்கள் குழம்ப வேண்டாம்.) எங்கள் சேகரத்துக்கு, அதாவது ஒரு ஐயரின் பொறுப்பில் இருக்கிற சபைகளுக்கு, இரண்டு முறை மாற்றலாகி வந்தவர், ஓய்வுக்கு அப்புறமும் இங்கேயே தங்கிவிட்டவர். அடக்க ஆராதனையில் ஆறு பேர் பேசினார்கள். ஆறு பேரும் சொன்னது குருமனைக் காம்பவுண்டு சுவர், புது மணி, ஆலயத்துக்கு டைல்ஸ், பள்ளிக்கூடத்துக்கு இரண்டு வகுப்பறை. எல்லாம் உண்மைதான், அவர் காலத்தில் நடந்ததுதான். ஆனால் கேட்டுக்கொண்டே இருந்த எனக்கு நெஞ்சு அடைத்தது. கட்டட கான்ட்ராக்டரை வழியனுப்புகிற மாதிரி அல்லவா வழியனுப்பினோம்!

இடையன்குடி ஐயர் ராபர்ட் கால்டுவெல்லுக்கும் இதைத்தான் செய்திருக்கிறோம் என்று அன்றைக்குத் தோன்றியது. அவர் பேரைச் சொன்னாலே 1856 இல் வந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம், 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது மெரினாவில் வைத்த சிலை. ஒரு கூட்டம் அந்தப் புத்தகத்துக்காகத் தலையில் வைத்துக் கொண்டாடும், இன்னொரு கூட்டம் அதே புத்தகத்துக்காகத் திட்டும். அந்த ஆராய்ச்சியின் பெருமையை நான் குறைக்கவில்லை. ஆனால் மனிதர் பார்த்த வேலை சபை ஐயர் வேலை. அதைப் பற்றி யார் பேசுகிறார்கள்?

1814 இல் அயர்லாந்தில் பிறந்தவர், 1838 இல் சென்னையில் வந்து இறங்கினார். 1841 இல் சென்னையிலிருந்து நடந்தே புறப்பட்டு, நீலகிரி வழியாகச் சுற்றி, கடைசியில் இடையன்குடிக்கு வந்து சேர்ந்தார். திசையன்விளைப் பக்கம் போயிருக்கிறவர்களுக்குத் தெரியும், செம்மண் தேரி, பனை, முள், அதற்கு அப்பால் கடல். இன்றைக்கே வெயிலில் கால் வைக்க முடியாது. அங்கே போனவர் தெருக்களை நேராகப் போட்டு ஊரை அமைத்தார், பள்ளிக்கூடம் நடத்தினார், பனையேறிகளின் வீடுகளுக்குள் போய் உட்கார்ந்து அவர்கள் பேசுகிற தமிழைக் கேட்டார். ஆலயத்துக்கு 1847 இல் தொடங்கிய வேலை 1880 இல்தான் முடிந்து பிரதிஷ்டை ஆனது. முப்பத்து மூன்று வருஷம்! ஒரு ஐயர் ஐந்து வருஷம் இருந்தாலே ‘எப்போ மாத்துவாங்க’ என்று கேட்கிற நமக்கு அந்தக் கணக்கு புரியுமா தெரியவில்லை. மூன்று தடவை தாய்நாட்டுக்குப் போயும் திரும்பி வந்தார். 1877 இல் பேராயர் ஆனார், கடைசிக் காலத்தில் தூத்துக்குடிக்குக் குடிபோனார், 1891 ஆகஸ்ட் 28 அன்று கொடைக்கானலில் இறந்தார். உடலை இடையன்குடிக்குத்தான் கொண்டுவந்தார்கள்.

சில வருஷம் முன்னால் அந்த ஆலயத்துக்குப் போயிருந்தேன். செருப்பைக் கழற்றினால் அதற்குள் ஒரு பிடி சிவப்பு மண். உள்ளே பெருக்கிக்கொண்டிருந்த பெரியவர் பீடத்தைக் காட்டி, “இதுக்குக் கீழதான் எங்க ஐயரு படுத்திருக்காவ” என்றார். நேற்று இறந்தவரைச் சொல்கிற மாதிரி ‘எங்க ஐயரு’. எந்தச் சிலையின் கீழும் அப்படி ஒரு வார்த்தையை நான் வாசித்ததில்லை.

இன்னொரு விஷயம், ஐயரம்மா, அதாவது ஐயரின் மனைவி. எலைசா நாகர்கோவில் மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மகள், 1844 இல் கால்டுவெல்லைக் கல்யாணம் பண்ணி இடையன்குடிக்கு வந்தவர். பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி நடத்தி, லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தவர். அந்தப் பக்கம் எத்தனையோ வீட்டில் பெண்கள் கையில் சொந்தக் காசு பார்த்தது அந்த ஊசியால்தான். எங்கள் ஐயரின் அடக்கத்தில் பேசிய ஆறு பேரில் ஒருவர்கூட முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஐயரம்மாவைப் பற்றி ஒரு வரி சொல்லவில்லை. நாற்பது வருஷம் நேரம் காலம் இல்லாமல் வருகிறவர்களுக்கெல்லாம் கதவு திறந்தது யார்?

குறையை மறைத்தால்தான் மரியாதை என்றும் நான் நினைக்கவில்லை. 1849 இல் கால்டுவெல் தாம் ஊழியம் செய்த பனையேறும் மக்களைப் பற்றியே ஒரு சிறு நூல் எழுதினார். அதில் அவர்களைக் கேவலமாக எழுதியிருந்தார். அந்த மக்களின் பிள்ளைகள் படித்து வந்து கொதித்தெழுந்தார்கள், கடைசியில் அந்த நூலைப் புழக்கத்திலிருந்து விலக்க வேண்டி வந்தது. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் மிஷனரியான அவரையே கேள்வி கேட்டது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. அதையும் சேர்த்துச் சொன்னால்தான் அவர் முழு மனிதர். எங்கள் ஐயருக்கும் முன்கோபம் உண்டு. ஒரு தடவை பிரசங்கத்தின் நடுவில் என் சித்தப்பாவைப் பேர் சொல்லித் திட்டிவிட்டார். சாயங்காலமே வீட்டுக்கு வந்து, “நான் பேசினது தப்பு” என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டார், சித்தப்பா சாப்பிடக் கூப்பிடும்வரை எழுந்திருக்கவே இல்லை. இதையெல்லாம் அன்றைக்கு மைக்கில் யாராவது சொல்லியிருக்க வேண்டாமா?

அடுத்த தடவை ஒரு ஐயருக்கு நினைவுக் கூட்டம் வைத்தால், கமிட்டிக்காரர்கள் பேச்சைக் குறைத்துவிட்டு, நாலு வீட்டுக்காரர்களை எழுந்து பேச விடுங்கள். தடுமாறிப் பேசினாலும் பரவாயில்லை. நானே அன்றைக்கு எழுந்திருக்க வேண்டும், கூட்டத்தைப் பார்த்துப் பயந்துவிட்டேன், அதனால் இங்கே எழுதுகிறேன்.

அப்பா கடைசி இரண்டு மாதம் படுக்கையில் இருந்தபோது ஐயர் தினமும் சாயங்காலம் வருவார். முதல் நாள் பைபிளில் ஒரு சங்கீதம் வாசித்து ஜெபம் பண்ணினார். இரண்டாம் நாள் அப்பா கையைப் பிடித்து ஜெபம் பண்ணும்போது நகம் வளர்ந்திருந்ததைப் பார்த்துவிட்டார். மறுநாள் சட்டைப் பையில் நகவெட்டியோடு வந்தார். பத்து விரலையும் ஒவ்வொன்றாக, மெதுவாக, அப்பாவிடம் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டே வெட்டிவிட்டு, விழுந்த துண்டுகளைத் தானே பொறுக்கி ஒரு தாளில் மடித்து எடுத்துக்கொண்டு போனார்.