ஷீட் கூரையா? முதலில் ஸ்க்ரூவைப் பற்றிப் பேசுவோம்

மாடியில் ஷீட் போடப் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, எந்த கம்பெனி நல்லது என்பது. அடுத்தது கலர். அதற்கடுத்து நேராகப் பேரம்தான். அந்த ஷீட்டை எது பிடித்துக்கொண்டிருக்கப் போகிறது என்று யாருமே கேட்பதில்லை.

காங்கிரீட் தளம் தன் கனத்தாலேயே உட்கார்ந்திருக்கும். 5 அங்குலத் தளம் சதுர அடிக்கு ஏறத்தாழ 30 கிலோ. 0.45 எம்.எம். ஷீட் அரைக் கிலோகூட வராது. காற்று கூரையை அழுத்தும் என்றுதான் நினைக்கிறோம். ஆனால் பலத்த காற்று மேலே கடந்து போகும்போது கூரையை மேல்நோக்கி உறிஞ்சும். சுவர் இல்லாத மாடி ஷெட் என்றால் அடியில் புகுந்த காற்றும் சேர்ந்து தூக்கும். இந்த இழுப்பு அதிகமாக இருப்பது ஓரத்திலும் மூலையிலும் முகட்டிலும். ஸ்க்ரூவை நெருக்கமாகப் போட வேண்டிய இடங்களும் அவைதான்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்ததை டெல்டாக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அது வேதாரண்யத்துக்கு மட்டுமான கவலையும் இல்லை. ஐ.எஸ். 875 காற்றுச் சுமை விதியில் சென்னைக்கு வைத்திருக்கும் அடிப்படை வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். நம் மாடி ஷெட்களில் எத்தனை இதை மனதில் வைத்துப் போட்டவை? கைப்பிடிச் சுவரில் இரண்டு போல்ட் அடித்து ஷெட்டின் கால்களை நிறுத்திவிட்டுப் போகிறார்கள். அங்கே ஷீட் ஸ்க்ரூவோடு கெட்டியாக இருந்தாலும் ஃபிரேமோடு சேர்ந்து கிளம்பிவிடும். கால்களைத் தளத்திலோ தூணிலோ பேஸ் பிளேட் (அடித் தகடு) வைத்து, ஆங்கர் போல்ட்டால் இறுக்கச் சொல்லுங்கள்.

ஸ்க்ரூவின் வாஷரையும் பாருங்கள். மட்டமான ரப்பர் வெயிலில் காய்ந்து வெடித்துவிடும், அப்புறம் மழைக்கு வாளி வைக்க வேண்டியதுதான். வெயில் தாங்கும் செயற்கை ரப்பரான இ.பி.டி.எம். வாஷர் கேளுங்கள். விலை வித்தியாசம் மொத்த பில்லில் தெரியக்கூட தெரியாது.

ஷீட்டுக்கு வருவோம். துருவைத் தடுக்க இரும்பு ஷீட்டின் மேல் பூசும் கால்வலூம் பூச்சில் 55 சதவீதம் அலுமினியம், மீதியில் பெரும்பங்கு துத்தநாகம். துத்தநாகம் மட்டும் பூசிய சாதா ஜி.ஐ. ஷீட்டைவிட நெடுநாள் தாங்கும். பூச்சு சதுர மீட்டருக்கு 150 கிராம் (ஏ.இசட். 150) என்று பில்லில் எழுதி வாங்குங்கள். அந்த 0.45 எம்.எம். கனம் பூச்சோடு சேர்த்தா, வெறும் இரும்பு மட்டுமா என்றும் கேளுங்கள். கடைக்காரர் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்வார். கட்டிங் வீல் வைத்து அறுக்க விடாதீர்கள், சூட்டில் ஓரத்துப் பூச்சு கருகி அங்கிருந்துதான் துரு ஆரம்பிக்கும்.

சூடு பற்றி ஒரு வார்த்தை. பகலில் ஷீட் கொதிக்கும், மறுக்கவில்லை. ஆனால் மே மாத ராத்திரியில் காங்கிரீட் நடுநிசி வரை அனலைக் கக்கிக்கொண்டிருக்கும்போது, ஷீட் பொழுது சாய்ந்ததும் ஆறிவிடும். வெள்ளை நிறம் எடுங்கள். கீழே சீலிங் அடித்தால் இடைவெளி விட்டு, சூடான காற்று வெளியேற வழி வையுங்கள். செங்காவி நிறம் ஓடு மாதிரி அழகாக இருக்கும், சரி. கீழே படுக்கப் போகிறவர் நீங்கள்தான்.

மழைச் சத்தம் பிடிக்காதவர்களுக்கு இரண்டு தகட்டுக்கு நடுவே ஃபோம் வைத்த பஃப் பேனல் இருக்கிறது, செலவு கூடும். எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும், அதனால் அதை ஒரு குறையாகவே நான் எடுத்துக்கொள்வதில்லை.