அடுத்த வரியையும் படியுங்கள் ஐயா

அந்த ஸ்கிரீன்ஷாட்டை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ‘கானானிய அடிமையைக் கசக்கி வேலை வாங்கலாம்’ என்று 12ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ் எழுதிய வரிக்குச் சிவப்பு வட்டம். கானானிய அடிமை என்றால் யூதரல்லாத அடிமை. மேலே ‘இதுதான் யூத அறம்’ என்று தலைப்பு. நான் போட்டது இரண்டே வரிக் கமெண்ட். கிடைத்த பட்டம், ‘சியோனிஸ்ட் சொம்பு’, அதாவது இஸ்ரேலுக்கு ஜால்ரா. மகிழ்ச்சி.

சரி, அடுத்த வரி என்ன? அவருடைய சட்டத் தொகுப்பான மிஷ்னே தோராவில் அடிமைகள் பற்றிய பகுதி முடியும் இடம் அது. சட்டம் அப்படி இருந்தாலும் இரக்கத்தோடு நடப்பதுதான் பக்தி, அதுதான் ஞானம் என்கிறார். நீ சாப்பிடுகிற எல்லாவற்றிலும் அவனுக்கும் கொடு. அந்தக் காலத்துப் பெரியவர்கள் தாங்கள் உட்காருவதற்கு முன்பே ஆடுமாட்டுக்கும் அடிமைக்கும் போட்டுவிடுவார்கள். கையாலும் அவமானப்படுத்தாதே, வாயாலும் அவமானப்படுத்தாதே. கத்தாதே, அவன் குறையைக் காது கொடுத்துக் கேள். என்னைக் கருவில் உண்டாக்கியவர்தானே அவனையும் உண்டாக்கினார் என்று பைபிளின் யோபுவைச் சாட்சிக்கு அழைக்கிறார். இவ்வளவும் வட்டத்துக்கு வெளியே. வட்டம் போட்டவருக்குக் கை வலித்திருக்கும், பாவம்.

‘அடிமை முறையையே ஒழித்திருக்க வேண்டாமா?’ வேண்டும். ஒழிக்கவில்லை. அதற்கு என்னிடம் சமாதானம் இல்லை.

‘கடவுள் கட்டளை என்று ஏற்காமல், சொந்த அறிவால் நல்லவனாக இருக்கும் வேற்று இனத்தான் ஞானிகூட இல்லை என்றாரே?’ இதைக் கேட்டவர் கொஞ்சம் படித்தவர். மனித குலம் முழுவதற்கும் பொது என்று யூத மரபு சொல்லும் நோவாவின் ஏழு கட்டளைகள் பற்றிய இடம். அச்சுப் பதிப்பில் ‘அவர்களுடைய ஞானிகளிலும் சேர்த்தியில்லை’ என்றுதான் இருக்கிறது. 1670இல் தத்துவவாதி ஸ்பினோசா சாடியதும் இந்த வாசகத்தைத்தான். கையெழுத்துப் பிரதிகளில் ‘ஞானிகளில்தான் சேர்த்தி’ என்று இருக்கிறது. எபிரேயத்தில் வாவா ஆலெஃபா என்ற ஒரே எழுத்து வித்தியாசம்.

ஒரு எழுத்தா என்று சிரிக்காதீர்கள். 15 வருடத்துக்கு முன்னால் ஒரு அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒன்று. ‘வருந்தும் குடும்பத்தினர்’ என்பதில் ஒரு சுழி ஏறி ‘விருந்தும் குடும்பத்தினர்’ ஆகிவிட்டது. 300 அடித்தாயிற்று. இறந்தவரின் மகன் வந்தார், பார்த்தார், திட்டவில்லை. “பிளேடு இருக்கா தம்பி?” என்றார். விடியும்வரை இருவரும் உட்கார்ந்து ஒவ்வொரு சுழியாகச் சுரண்டினோம். அந்த மனிதரின் பொறுமையில் பத்தில் ஒரு பங்காவது நம் ஆட்களுக்கு இருக்கிறதா?

மைமோனிடிஸ் வேண்டாம் என்றால் தெற்கு பிரான்ஸின் பெர்ப்பினியான் ஊர்க்காரரான யூத அறிஞர் மெய்ரியைப் படியுங்கள். மதநெறிக்குக் கட்டுப்பட்டு வாழும் எந்த மக்களையும் யூதச் சட்ட விவாத நூலான தல்மூதின் பழைய பாகுபாட்டுச் சட்டங்கள் தொடாது என்று 1300 வாக்கிலேயே எழுதியவர். ஓ, அவருக்கு ஸ்கிரீன்ஷாட் வராது அல்லவா?

‘காசாவில் குழந்தைகள் சாகும்போது இது தேவையா?’ அங்கே நடப்பதைப் பற்றி நான் எழுதியதெல்லாம் இதே டைம்லைனில்தான் கிடக்கிறது. அதற்கும் வசை வாங்கியிருக்கிறேன். ஸ்பெயினின் கொர்தோபாவில் பிறந்து, அல்மொஹாத் என்ற முஸ்லிம் வம்சத்தின் ஆட்சியில் குடும்பத்தோடு ஊரைவிட்டு ஓடி, எகிப்தில் வைத்தியராக இருந்து 1204இல் செத்துப்போன ஒருவரை இன்றைய குண்டுக்கு ஜாமீன் கட்டச் சொல்கிறீர்கள்.

வசைகூடப் பழகிவிட்டது. அந்தப் போஸ்டர் கதையைப் பத்துத் தடவை என்னிடம் கேட்டுச் சிரித்த நண்பர் ஒருவர் நேற்று என் கமெண்ட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டிருக்கிறார். முதல் வரி மட்டும். அடிமை முறையை மைமோனிடிஸ் ஒழிக்கவில்லை என்பது உண்மை என்று நானே ஒப்புக்கொண்ட இரண்டாவது வரியைக் காணோம்.